பங்கில்லாத கையில் சாவி

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவற்றை எண்ணிக்கொண்டு வருவது என் வழக்கம். ஒன்று குறைந்தாலும் வீட்டுக்கு வந்த பிறகும் மனது அடங்காது. இப்போதும் அப்படித்தான். கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் படியிறங்க முடிவதில்லை. நாற்பதைத் தொடுவதற்குள் கிழவனாகிவிட்டேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

எனக்குப் பதினோரு வயதில், கம்ப்யூட்டர் மலையேறிய அன்று, அறுபத்தொன்பதுதான் வந்தது. மானிட்டர் போர்வையில் சுற்றி என் மடியில் இருந்தது. பெட்டி சித்தப்பாவின் மடியில். ஐம்பதாவது வளைவுக்கு மேல் அவர் வாந்தி எடுக்க ஜன்னல் பக்கம் சாய்ந்தபோது பெட்டியையும் நானே பிடிக்க வேண்டியதாயிற்று. அந்தக் குழப்பத்தில் ஒரு வளைவு போய்விட்டது.

பேளுக்குறிச்சியில் ஒரு டைப்பிங் கூடத்தை மூடினார்கள். சந்தைக்கு மிளகு கொண்டுபோன சித்தப்பா, மூன்று மூட்டை மிளகுக்கு ஈடாக அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிவிட்டார். அப்பாவுடைய மூட்டை ஒன்று, பெரியப்பாவுடையது ஒன்று, அவருடையது ஒன்று. கீபோர்டில் ஒவ்வொரு பொத்தானிலும் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தது. அதில் முன்பு ஓடிக்கொண்டிருந்த சிஸ்டம் செத்துப்போயிருந்தது. பரவாயில்லை என்று டைப்பிங் கூடத்துப் பையன் மூன்று சிடிக்களைக் காகித உறையில் போட்டுக் கொடுத்திருந்தான். உறையின் மேல் 1, 2, 3 என்று எழுதியிருந்தது. கூடவே எதற்குப் பிறகு எது என்று பதினான்கு வரிகளில் ஒரு தாள்.

"இது லினக்ஸாமுங்கண்ணா. காசு கெடையாது. எத்தனை பேருக்கு வேணும்னாலும் நாமளே காப்பி போட்டுக் குடுக்கலாமாமா" என்றார் சித்தப்பா.

பெரியப்பா சிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சும்மா குடுக்கறவன் ஒருநாளைக்கு ஊட்டுக்கு வந்து நிப்பான்."

"அவனுக்கு நம்ம ஊடு தெரியாதுங்கண்ணா."

அத்தைதான் விளக்கினாள். அவள் அப்பாவின் தங்கை, கடைசிப் பிறப்பு. கல்யாணத்துக்கு முன்பு நாமக்கல்லில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். யாரோ ஒருவன் ஆரம்பித்து, பல ஊர்களில் இருந்து பல பேர் கை கொடுத்து, யாருக்கும் சொந்தமில்லாமல் பொதுவில் விட்டுவிட்டார்கள் என்று சொன்னாள்.

"பொதுவா? அப்பச் சரி. பொதுவுல கெடக்கறதுக்கு நம்மகிட்ட ஒரு முறை இருக்குது" என்றார் பெரியப்பா.

அந்த முறையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; வளப்பூர் நாட்டில் எங்கள் வாசல் ஒன்று, வீடு மூன்று. வீட்டுக்கு எது வந்தாலும், தேனானாலும் பலாவானாலும், அடுப்புக் கணக்கில் பங்கு போடுவார்கள். அடுப்பு மூன்று, பங்கு மூன்று. ஆள் எண்ணிக்கை அதில் சேராது. அத்தை எங்கள் அடுப்பில் சாப்பிட்டாள். ஆகையால் அவளுக்குத் தனிப் பங்கு இல்லை. அவள் அரியூர் நாட்டில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். இரண்டு வருஷம் முன்பு ஒரு மழைநாளில் ஒரு பையும் ஒரு குடையுமாக வந்து இறங்கினாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. பஸ் படியில் வழுக்கிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன். பிறகு அவள் திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் கேட்டதும் இல்லை; அதில் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

சிஸ்டம் ஏற்றிய அன்று ஞாயிற்றுக்கிழமை. முழுப் பரீட்சை லீவு. மூன்று வீட்டில் ஒழுங்கான பிளக் இருந்தது பெரியப்பா வீட்டில்தான். அங்கே ஒரு மேசையில் கம்ப்யூட்டர் உட்கார்ந்தது. மவுஸைப் பெரியவர்கள் பிடித்தால் அம்பு திரையின் மூலைக்கு ஓடி ஒளிந்துகொண்டது. அத்தை பலா அறுத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை பிசின். எதையும் தொட முடியாது. ஆகவே அவள் தரையில் இருந்து சொல்ல, நான் அழுத்தினேன்.

ஐந்தாவது வரி வரை ஒரு தொல்லையும் இல்லை. ஆறாவதில் டிஸ்க்கைப் பிரிப்பது வந்தது. தானாகவே பிரித்துக்கொள்ளச் சொல்லும் பொத்தானை அழுத்தவும் என்று தாளில் இருந்தது. நான் அதைப் படித்தேன்.

"நில்லு சாமி" என்றார் பெரியப்பா. "தானாப் பிரிக்கறதுன்னா யாரு பிரிக்கறது?"

"அதுவேதானுங்க பெரியப்பா."

"பக்கத்துல ஆளு நிக்காமப் பங்கு போட்டா நாளைக்கு வம்பு வரும். எவ்வளவு இருக்குது மொத்தம்?"

பத்து ஜிபி. அதில் சிஸ்டத்துக்கு என்று மூன்று வேண்டும், நினைவு போதாதபோது அது புழங்கிக்கொள்ள அரை வேண்டும் என்றாள் அத்தை. மீதி ஆறரை. அடுப்புக்கு இரண்டாக ஆறு போயிற்று. அரை ஜிபி மிஞ்சியது.

அதை நாலாகவோ மூன்றாகவோ பிரிக்க நான் மனதில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை பலாவில் இருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள். "அந்த அரைய எனக்குக் குடுக்கறீங்களாண்ணா? நாலு எழுத்து அடிச்சு வெச்சுக்கறதுக்கு."

பெரியப்பா சற்று யோசித்தார். கோபமெல்லாம் இல்லை. "உனக்கெதுக்குக் கண்ணு. நீ நடு ஊட்டுப் பங்குலதான இருக்கற. பங்கு போட்டா ஊடால தடம் உடோணும். தடமில்லாம ஒருத்தன் காட்டுக்கு இன்னொருத்தன் எப்படிப் போவான்?"

அப்படியாக அரை ஜிபியை எதற்கும் ஒதுக்காமல் தடத்துக்கு விட்டோம். இத்தனை வருஷமாகக் கம்ப்யூட்டரோடுதான் என் பிழைப்பு. டிஸ்க்கில் நடைபாதை விட்ட இன்னொரு குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

பதினோராவது வரியில் ரூட் பாஸ்வேர்ட் கேட்டது. அது என்ன என்று மூன்று பேரும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஒரு கதவு இருக்கும், அதற்கு ஒரு சாவி. இது எல்லாக் கதவையும் திறக்கிற சாவி என்றாள் அத்தை. இதை வைத்திருக்கிறவர் யார் பங்கிலும் நுழையலாம், எதையும் மாற்றலாம், எதையும் அழிக்கலாம்.

பெரியவர் என்ற முறையில் பெரியப்பாதான் வைத்திருக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். பெரியப்பா தலையாட்டி மறுத்தார். சித்தப்பா தான் வைத்திருப்பதாகச் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

எங்களுக்கு விதைக் குதிர் ஒன்று பொதுவில் இருந்தது. மூன்று குடும்பத்து ராகி விதையும் சாமை விதையும் அதில்தான். அதன் சாவியைப் பங்குக்காரர் யாரும் தொடக்கூடாது. பங்கில்லாத கையில்தான் அது இருக்க வேண்டும். முன்பு கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு சின்னத் தாத்தாவிடம் இருந்தது. அவர் போன பிறகு அத்தையிடம் வந்தது.

"குதிரு சாவி யாருகிட்ட இருக்குது?" என்று கேட்டார் பெரியப்பா.

"எங்கிட்டத்தானுங்கண்ணா."

"அப்ப இதும் நீயே வெச்சுக்க. பங்கில்லாத கைதான் இதுக்குச் சரி."

அத்தை எழுந்து உள்ளே போனாள். தேங்காயெண்ணெய் தேய்த்துப் பிசினைக் கழுவிவிட்டு வந்தாள். கழுவ நேரம் பிடித்தது. அவள் பாஸ்வேர்டை அடிக்கும்போது மூன்று அண்ணன்மாரும் மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பிறகு சிஸ்டம் ஏறத் தொடங்கியது. சிடிக்களில் அது மொத்தம் அறுநூற்றுப் பதினான்கு பொட்டலங்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றும் திரையில் ஏற ஏற நான் உரக்க எண்ணினேன். இரண்டாவது சிடி ஓரிடத்தில் திக்கியபோது சித்தப்பா அதை வெளியே எடுத்து வேட்டி முனையில் துடைத்துப் போட்டார். கரண்ட் போனால் எல்லாம் முதலில் இருந்து. அன்று அது ஐம்பத்து மூன்று நிமிஷம் போகாமல் இருந்தது, சிஸ்டம் ஏறி முடிந்ததும் போயிற்று. அம்மா எட்டிப் பார்த்து, "குதிரு மாதிரி பெட்டி, ரொம்பறதுக்கு இத்தனை நேரமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் மூன்று வீடும் மூன்று கோலமாயிற்று. யாருக்கு எப்படி வேண்டுமோ அப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அந்தச் சிஸ்டத்தில் எங்கள் ஆட்களுக்குப் பிடித்துப்போனது. பெரியப்பாவுக்கு எழுத்து பெரிதாக, தமிழாக வேண்டும். அத்தை மாற்றிக் கொடுத்தாள். மெனுவில் இருந்த ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் அவர் விரல் வைத்துப் படித்தார். எங்கள் ஊர் வரைக்கும் பஸ் விட வேண்டும் என்று ஒரு மனு அடிக்கத் தொடங்கினார். ஒற்றை விரல், நாளைக்கு ஒரு வரி. சித்தப்பா பனிமலைப் படத்தைப் போட்டுக்கொண்டு சீட்டு விளையாடினார். அப்பா படம் எதுவும் வேண்டாம், மண் நிறம் போதும் என்றார். தன் முறை வரும்போது ஜன்னல்களைத் திறப்பார், மூடுவார். "தொறக்குது, மூடுது. நல்லாத்தான் இருக்குது" என்பார். அதற்கு மேல் அவர் அதனிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

காலை பெரியப்பா, மதியம் அப்பா, சாயங்காலம் சித்தப்பா. ஆளுக்கு இரண்டு மணி நேரம். இடையில் கரண்ட் போனால் போனதுதான். நேரம் பார்க்கிற வேலையைப் பெரியப்பா என்னிடம் கொடுத்தார். அப்பாவின் கைக்கடிகாரமும் ஒரு நாற்பது பக்க நோட்டும் என் பொறுப்பில் வந்தன. "ஒரு நிமிசம் ஒருத்தனுக்குக் கூடக் கூடாது, கொறையக் கூடாது" என்று சொல்லியிருந்தார். அதற்கு முன்போ பின்போ எனக்கு அவ்வளவு பிடித்த உத்தியோகம் அமையவில்லை.

அந்த வாரம் அத்தைக்கு ஒரு கடிதம் வந்தது. மலையிலேயே ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் அடிக்க ஆள் எடுக்கிறார்கள். அடுத்த மாதம் நாமக்கல்லில் தேர்வு. நிமிஷத்துக்கு முப்பது சொல் தமிழில் அடிக்க வேண்டும். கடிதத்தை எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனாள். நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

"தெனம் ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னாப் போதுங்கண்ணா."

"யாரு முறையில இருந்து எடுத்துக் குடுக்கறது? அடுப்பு மூணு, முறை மூணு" என்றார் பெரியப்பா. பிறகு சொன்னார்: "வேலைக்குப் போயி என்ன பண்ணப்போற. பலா முடிஞ்சதும் அனுப்பி வெக்கறோம்னு அரியூர்க்காரங்களுக்கு வாக்குக் குடுத்தாச்சு. ரெண்டு வருசமாச்சு கண்ணு. நாலு பேரு கேக்கறாங்க."

"வேலை கெடைச்சா நான் இங்கயே இருந்துக்கறனுங்கண்ணா."

"கெடைச்சாப் பாக்கலாம்" என்றார். அடித்துப் பழகாமல் அது எப்படிக் கிடைக்கும் என்று இரண்டு பேருமே பேசவில்லை.

மறுநாள் காலை பெரியப்பாவின் எழுத்துகள் எறும்பளவுக்குச் சுருங்கியிருந்தன. மனுவைக் காணோம் என்று பதறினார். மனு இருந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. எல்லாக் கதவையும் திறக்கிற சாவி அத்தையிடம் இருந்ததால் அவளைக் கூப்பிட்டார்கள். பார்த்துவிட்டு, "ஒரு மணி நேரம் புடிக்குங்கண்ணா" என்றாள். பெரியப்பா எழுந்து இடம் விட்டார். அதற்கடுத்த நாள் அப்பாவின் மண் நிறம் நீலமாகிவிட்டது. அதற்கடுத்த நாள் சித்தப்பாவின் திரையில் கீழே இருந்த பட்டை மேலே ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம்.

நான் நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் காட்டுக்குப் போய்விடுவார்கள். அத்தை நாலு நிமிஷத்தில் சரி செய்வாள். பிறகு ஒரு பழைய பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து அடிப்பாள். நிமிஷத்துக்கு எத்தனை சொல் என்று நான்தான் எண்ணிச் சொல்ல வேண்டும். முதல் நாள் பதினெட்டு. பிறகு இருபது, மறுபடி பத்தொன்பது, இருபத்திரண்டு. தப்பையும் எண்ணினேன். எந்தக் கையில் தப்பு என்று தனித்தனியாகக் குறித்தேன். அதை அவள் கேட்கவில்லை. எனக்கே அப்படி ஒரு ஆசை.

"சாமி, நீ எந்த ஆபீஸ்ல எண்ணப்போறயோ, அந்த ஆபீஸரு பாவம்" என்பாள்.

பத்துப் பன்னிரண்டு நாட்கள் அது சந்தோஷமாகத்தான் போயிற்று. ஆனால் நோட்டில் "ரிப்பேர் - 1 மணி" என்று எழுதும்போது என் கை கூசத் தொடங்கியது. ரிப்பேர் நாலு நிமிஷம் அல்லவா? மீதி ஐம்பத்தாறு நிமிஷம் எந்தக் கணக்கில் வரும்? பதினேழாம் நாள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். பதினேழு நாளில் பதினேழு ரிப்பேர். பெரியப்பாவுக்கு ஆறு, அப்பாவுக்கு ஆறு, சித்தப்பாவுக்கு ஐந்து. ஒரு நாள்கூட வரிசை மாறவில்லை. கெட்டுப்போகிற பொருள் அப்படி வரிசையாகக் கெடாது. இருபதாம் நாள் அப்பாவுடையது எப்படிக் கெடும் என்பது தவிர மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது.

அத்தையைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவே இல்லை. நோட்டில் பொய் இருக்கிறது, அதை நோட்டுக்குப் பொறுப்பானவரிடம் சொல்ல வேண்டும். என் கவலை அவ்வளவுதான்.

பெரியப்பா பலா மரத்தடியில் காய்களைக் குச்சியால் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரிப்பேரு நாலு நிமிசந்தானுங்க ஆவுது, பெரியப்பா."

"எந்த ரிப்பேரு?"

"எல்லா ரிப்பேருமுங்க. மீதி நேரம் அத்தை டைப் அடிக்கறாங்க. அவங்களேதான் கெடுக்கறாங்களாட்ட இருக்குதுங்க. வரிசையா வருதுங்க."

குச்சியைக் கீழே போட்டுவிட்டு நோட்டை வாங்கினார். முதல் பக்கத்தில் இருந்து படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஓரிடத்தில் அவர் வாய் லேசாகக் கோணியது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை.

"ஒரு ஊட்டுக்கும் ஓரவஞ்சனை இல்லாமத்தான் கெடுத்திருக்கறா" என்றார். "மனுவுல ஒரு எழுத்துக்கூட அழியல."

பிறகு தப்புகளை எழுதியிருந்த பக்கத்துக்கு வந்தார். "இதென்ன, எடது எட்டு, வலது ரெண்டு?"

"பத்துத் தப்புன்னா எட்டு எடது கையிலயுங்க. தெனமும் அப்படித்தான். மணிக்கட்டு சரியா மடங்காதுங்க. சாயங்காலமானா வலிக்குதுன்னு எண்ணெ போட்டுக்குவாங்க."

"மணிக்கட்டுக்கு என்ன?"

"வந்தன்னைக்கு பஸ்ஸுப் படியில உழுந்துட்டாங்கள்லங்க. அம்மாகிட்டச் சொன்னாங்களே."

பெரியப்பா நோட்டை மூடவில்லை. அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவ பஸ்ஸுல வரல சாமி" என்றார் மெல்ல. "அன்னைக்கு மண்ணுச் சரிஞ்சு ரோடு அடைச்சுக் கெடந்துது. அரியூர்ல இருந்து நடந்துதான் வந்தா. வழியில நானே பாத்துக் கூட்டியாந்தேன். கையப் பொடவைக்குள்ள வெச்சிருந்தா."

நான் நோட்டைத் திரும்ப வாங்கி, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'பஸ் இல்லை, நடை' என்று திருத்தி எழுதிக்கொண்டேன். தகவல் தப்பாக இருந்தால் எனக்கு ஆகாது.

அத்தையை அவர் திட்டவில்லை. கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. மறுநாள் காலை, சித்தப்பாவுடையது கெட வேண்டிய நாளில், பெரியப்பா தன் முறையில் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார். எழுத்து பெரிதாக, தெளிவாக இருந்தது. ஒரு வரிகூட அடிக்காமல் எழுந்தார்.

"என் ஊட்டு எழுத்து மறுக்காச் சின்னதாப் போச்சு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். "இந்தத் தடவை ரெண்டு மணி நேரமாவது புடிக்கும்."

அத்தை வாசலில் வந்து நின்று அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது பெரியப்பா" என்றேன் நான்.

"எனக்குக் கண்ணு தெரியல. உனக்குத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதிலிருந்து ரிப்பேர் என் கணக்குக்கு அடங்காமல் போயிற்று. பெரியப்பாவுக்குத் தினமும் கண் தெரியவில்லை. அப்பாவும் ஒருநாள், இந்த மண் நிறம் சரியான மண் நிறமா என்று சந்தேகமாக இருக்கிறது, நிதானமாகப் பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா மட்டும் சீட்டு ஆட்டம் கெட்டுப்போவதாகச் சொல்ல இரண்டு நாள் தயங்கினார். அத்தை நிமிஷத்துக்கு இருபத்தேழு சொல்லுக்கு வந்தாள்.

அடுத்த வாரம், பலா இன்னும் பாதி மரத்தில் இருக்கும்போதே, அரியூர்க்காரர்கள் மதியப் பஸ்ஸில் வந்து இறங்கி மேலே நடந்து வந்தார்கள். அத்தையின் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், ஊர்ப் பெரியவர் ஒருவர். மூன்று பேர். நான் பார்த்த உடனே எண்ணிவிட்டேன். கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று அம்மா அடுக்களையில் சொன்னாள். உள்ளே அத்தை அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது, முன்னைவிட வேகமாக.

பெரியப்பா அவர்களை வேப்ப மரத்து நிழலில் கட்டில் போட்டு உட்கார வைத்தார். பலாச்சுளையும் வேகவைத்த மரவள்ளியும் வந்தன.

"புள்ளைய வரச் சொல்லுங்க மச்சான், பாத்துட்டுக் கெளம்பலாம். நாலரைக்குக் கடைசி பஸ்ஸு" என்றார் அண்ணன்காரர்.

"உள்ள மெசினு ரிப்பேரா இருக்குதுங்க. மூணு ஊட்டுக்கும் பொது மெசினு. அவகிட்டத்தான் சாவி இருக்குது. பாதியில எந்திரிச்சா மூணு ஊட்டுச் சமாச்சாரமும் அழிஞ்சுபோயிரும். முடிச்சுட்டு வருவா, சாப்புடுங்க."

"எத்தனை நேரமுங்க ஆவும்?"

"அது சொல்ல முடியாதுங்க. நாலு நிமிசத்துலயும் முடியும், நாலு மணி நேரமும் ஆவும்."

நான் வாசற்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அத்தையின் பக்கத்தில் இருந்து அப்போதுதான் எழுந்து வந்திருந்தேன். எந்த ரிப்பேரும் நடக்கவில்லை. எழுத்து எறும்பாகவில்லை, மண் நீலமாகவில்லை. பழைய பேப்பரை வைத்து அடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். தகவல் தப்பு. அதுவும் வெளியூர் ஆட்களிடம். என்னால் பொறுக்க முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"பெரியப்பா, ரிப்..."

"சாமி" என்றார், என் தோளில் கையை வைத்து. அந்தக் கை கனமாக இருந்தது. "கீழ்க்காட்டுல மொளகுக்கொடி மொத்தம் எத்தனைன்னு யாருக்கும் சரியாத் தெரியல. நீ ஒருத்தன்தான் சரியா எண்ணுவ. போயி எண்ணிட்டு வா. ஒண்ணு உடப்புடாது."

என்னிடம் அப்படிச் சொன்னால் ரிப்பேராவது ஒன்றாவது. ஓடினேன். ஒவ்வொரு மரத்திலும் ஏறியிருந்த கொடியை எண்ணினேன். ஒரே மரத்தில் இரண்டு கொடி ஏறியிருந்தால் அதை ஒன்றாகக் கொள்வதா இரண்டாகக் கொள்வதா என்று குழம்பி, வேரை வைத்து எண்ணுவது என்று முடிவு செய்து, முதலில் இருந்து தொடங்கினேன். மலைச்சரிவில் ஏறி இறங்கியதில் முட்டி தேய்ந்தது. வேரை வைத்து இரண்டு முறை எண்ணியும் இருநூற்றுப் பதினான்கு. திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. இலைகளில் பலாக்கொட்டைகள் மட்டும் கிடந்தன. தூரத்தில், கடைசி பஸ் வளைவில் திரும்பும் ஹாரன் கேட்டது. வந்தவர்கள் மூன்று பேர்தான் அதில் போனார்கள். உள்ளே தட்டச்சுச் சத்தம் நிற்கவில்லை.

அவர்கள் மறுபடி வரவில்லை. பெரியப்பா அவர்களிடம் என்ன கேட்டார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு இன்றுவரை முழுக்கத் தெரியாது. அன்று மரத்தடியில் குரல்கள் உயர்ந்தன என்றும், அத்தையின் வீட்டுக்காரர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்துவிட்டார் என்றும் பல வருஷம் கழித்து அம்மா சொன்னாள். அதற்குப் பதின்மூன்றாம் நாள் அத்தை நாமக்கல் போய்த் தேர்வு எழுதினாள். முப்பத்திரண்டு சொல், தப்பு நாலு. மூன்று இடது கையில்தான் இருந்திருக்கும். வேலை கிடைத்தது.

ஆனால் அவர்கள் வந்துபோன அன்று சாயங்காலம் எனக்கு இது எதுவும் தெரியாது. பெரியப்பா வேப்ப மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்று, "இருநூத்திப் பதினாலுங்க பெரியப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கடைசி பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு ரெண்டு உட்டிருப்ப சாமி. நாளைக்கு இன்னொருக்கா எண்ணு" என்றார்.

அன்றைக்கு எனக்கு இருந்த வருத்தம் ஒன்றே ஒன்றுதான். வேரை வைத்து, முதலில் இருந்து, இரண்டு முறை எண்ணியிருந்தேன். அப்படியும் அவர் என் கணக்கை நம்பவில்லை.